முட்டைத்தோடு போட்டுக் கழுவிய பாட்டில்

நம் வயசுக்காரர்கள் யாரும் இப்போது கையில் பாட்டில் இல்லாமல் நடக்கப் போவதில்லை. டாக்டர் நடக்கச் சொல்கிறார், பிள்ளைகள் ஸ்டீல் பாட்டில் வாங்கித் தருகிறார்கள். காலையில் கூட்டமாக நடக்கிறோம், பாலத்துப் பக்கம் நின்று குடிக்கிறோம், சுகர் எவ்வளவு என்று விசாரித்துக்கொள்கிறோம், திரும்புகிறோம். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதே, அதை நகத்தால் நெம்பி வெளியே எடுத்து என்றைக்காவது மோந்து பார்த்திருக்கிறீர்களா? இன்று போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு நாளைக்கு என்னிடம் பேசுங்கள்.

எனக்கு இதில் ஒரு கிறுக்கு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். நடை முடிந்து நீங்கள் டீக்கடைக்குப் போகும்போது நான் வீட்டுக்குப் போய்விடுவேன். மூடி தனி, வளையம் தனி, பாட்டில் தனி என்று பிரித்துக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் எனக்கு மறுவேலை. "பாட்டிலுக்கு உள்ள மரியாத இந்த வீட்டில எனக்கு உண்டா?" என்று மனைவி கேட்பாள். போன வாரம் உங்களில் ஒருவர் இதைச் சுத்தம் என்று பாராட்டினார். சுத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பொறாமை. என் அத்தை மகன் மேல் பத்து வயதில் வந்த பொறாமை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமா கல்ஃபில் வேலை பார்த்ததால் அத்தையும் மகனும் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வீடு கட்டி இருந்தார்கள். பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில், ரோட்டை விட்டு இறங்கி, மரச்சீனி விளையை, அதாவது மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டினால் எங்கள் இரண்டு வீடும். நடுவில் ஒரே கிணறு. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவன் என்னைவிடச் சில மாதம் மூத்தவன், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

அவன் மேல் பொறாமைப்படக் காரணம் தேட வேண்டியதில்லை. பள்ளி விட்டு வரும்போது அவன் சட்டை காலையில் போட்ட மாதிரியே இருக்கும். என் சட்டையில் பலாப்பழப் பிசின் இருக்கும், மசி இருக்கும், யாருடைய ரத்தமாவது இருக்கும். செருப்பைக் கழற்றினால் ஜோடியாக வைப்பான். சாப்பிட்ட இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. என் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை "அவனைப் பாருலே" என்று சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் அப்பா கிணற்றடியில் அவனைக் கடந்து போகும்போது போகிற போக்கில் அவன் தலையில் ஒரு முறை கை வைத்துவிட்டுப் போவார். என் தலையும் பக்கத்தில்தான் இருக்கும். அதில் வைக்கமாட்டார்.

"அப்பன் பக்கத்தில இல்லாத பிள்ளையில்லியா அது" என்பாள் அம்மா. எனக்கு அப்பன் பக்கத்திலேயே இருந்தும் என்ன கிடைத்தது என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

மாமா அந்த வருடம் லீவுக்கு வந்தபோது அவனுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார். இளநீல நிறம், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக், தூக்கிப் பிடிக்கக் கைப்பிடி. எங்கள் பள்ளியில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. நிறத்துக்காகவோ கைப்பிடிக்காகவோ நான் வெந்துபோகவில்லை. அதன் வாய். முழுக் கையையும் முஷ்டியாக உள்ளே விடலாம், அவ்வளவு அகலம். என்னுடையது நெய்யாற்றின்கரையில் பள்ளி திறக்கும்போது வாங்கியது. சிவப்பு நிறம், யானைப் படம், தோளில் மாட்ட வார். கழுத்து பெருவிரல் நுழையும் அளவு. மூடியில் மடக்கி வைக்கிற குழல் ஒன்று உண்டு. அந்தக் குழல் மூடியோடு சேரும் இடத்தில் எப்போதும் கருப்பாக ஏதோ ஒன்று ஒட்டியிருக்கும், வழுவழுவென்று. எலுமிச்சை கலந்த தண்ணீரை ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே மறந்து திங்கட்கிழமைதான் திறந்தேன். அதற்குப் பிறகு அந்த வாடை போகவே இல்லை.

அந்த மாசி மாதம்தான் பாட்டில் ஒரு பெரிய விஷயம் ஆனது.

சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்து ஆண்கள் சிவாலய ஓட்டம் போவார்கள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி நட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவன் கோயில்கள். முந்தின நாள் சாயங்காலம் கிளம்பி, கையில் பனையோலை விசிறியோடு, காலில் செருப்பில்லாமல், கோவிந்தா கோபாலா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடியும் நடந்தும் பன்னிரண்டையும் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கோயில் குளத்திலும் முங்கி ஈரத் துணியோடு கும்பிட்டுவிட்டு அடுத்த கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். போகிறவர்களுக்குக் கோவிந்தன்மார் என்று பெயர். அதற்கு முன்னால் ஒரு வாரம் விரதம். எங்கள் வீட்டில் அந்த வாரம் மீன்காரியைக்கூட ரோட்டோடு போகச் சொல்லிவிடுவார்கள்.

அப்பா ஒரு ஆறேழு பேர் கொண்ட கூட்டத்துக்கு மூத்த கோவிந்தன். அதற்கு முந்தின வருடம் அந்தக் கூட்டத்துக்கு ஒரு அவமானம் நடந்திருந்தது. ஒருவர் கொண்டுவந்த பாட்டிலில் எல்லாரும் குடித்தார்கள். பாதி வழியில் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் ஒதுங்க ஆரம்பித்தார்கள். சாமி பெயரைக் கூப்பிட வேண்டிய வாயால் என்னென்னவோ கூப்பிட்டார்களாம். அப்பா அந்தப் பாட்டிலின் மூடியைக் கழற்றி வளையத்தை நெம்பிப் பார்த்திருக்கிறார். உள்ளே கருப்பாக ஒரு சுற்று.

ஆகவே இந்த வருடம் அப்பா ஒரு முடிவு செய்தார். ராத்திரிக் குளிரில் தாகம் பெரிதாக இருக்காது, சமாளிக்கலாம். பகல் வெயிலுக்குத் தண்ணீர் வீட்டிலிருந்து வர வேண்டும். அத்தை எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் தக்கலைக்கு வருவாள். ஒரு பெரிய கேனில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் இருக்கும். அவள் ஆட்டோவில் கோயில் கோயிலாக முன்னால் போய்க் காத்திருப்பாள். நாங்கள் கூட்டத்தோடு நடந்து மிச்சக் கோயில்களை முடிக்க வேண்டும், வழியில் குடிக்கத் தண்ணீர் எங்கள் பாட்டிலில்.

"ரெண்டு பேரும் வாங்க. ஆனா கோவிந்தன்மாருக்கு வெள்ளம் குடுக்கியது ஒரு பாட்டிலில இருந்துதான்" என்றார் அப்பா. "எவன் நல்லா களுவி வச்சிருக்கானோ அவனுக்க பாட்டிலு. நான் மணத்திப் பாப்பேன். அவன் என்கூட முன்னால நடப்பான்."

முன்னால், அப்பாவோடு.

அந்த வாரம் முழுக்க நான் பாட்டில் கழுவினேன். அடுப்புச் சாம்பலைப் போட்டுக் குலுக்கினேன், கழுத்தில் போய் அடைத்துக்கொண்டது. புளி போட்டேன், உள்ளே எலுமிச்சை வாடையோடு புளி வாடையும் சேர்ந்தது. ஈர்க்கில் குச்சியின் நுனியில் தேங்காய் நாரைக் கட்டி உள்ளே விட்டுத் தேய்த்தேன். நார் அவிழ்ந்து பாட்டிலுக்குள்ளேயே நின்றுவிட்டது, அதை எடுக்க ஒரு சாயங்காலம் போனது. பச்சரிசியைப் போட்டுக் குலுக்கும்போது அம்மா பிடித்துவிட்டாள். "விரதக் கஞ்சிக்கு வச்ச அரிசியில்லியாலே அது" என்று முதுகில் ஒன்று வைத்தாள். நான் இப்படி அல்லாடும்போது அத்தை மகன் கிணற்றடிக்கு வருவான். கையை உள்ளே விடுவான், ஒரு துணியால் வட்டமாக ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, கவிழ்ப்பான், போவான். வேலியில் தலைகீழாக அது வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நாரை நோண்டிக்கொண்டிருப்பேன்.

"நான் களுவித் தரட்டா?" என்று ஒரு நாள் கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான். அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் வீடு. பழைய மிஷன் சர்ச்சைச் சேர்ந்த குடும்பம். டீச்சர் நீளக் கழுத்துக் கண்ணாடி பாட்டில்களில் ஊறுகாய்க்கு வினிகர் ஊற்றி வைப்பார். அந்தப் பாட்டில்களில் ஒரு கறை இருக்காது. சிவராத்திரிக்கு மூன்று நாள் முன்பு நான் வேலியில் நின்று அழுவதைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். பாட்டிலைக் காட்டினேன்.

"இதுக்கா அழுற மோனே? இங்க வா" என்று அடுக்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். காலையில் பொரித்த முட்டையின் ஓடு அங்கே கிடந்தது. நாங்கள் தோடு என்போம். இரண்டு தோட்டை எடுத்துக் கையாலேயே நொறுக்கிப் பாட்டிலுக்குள் போட்டார், கொஞ்சம் வெந்நீர், ஒரு துளி வினிகர். "இனி நல்லா குலுக்கு. கை கடுக்குற வர குலுக்கு. குழலுக்குள்ளயும் இதையே விட்டு ஊது."

குலுக்கினேன். அந்தச் சத்தம் இன்றும் காதில் உண்டு, சலசலவென்று கரகரப்பாக. தோட்டுத் துண்டுகள் கழுத்தின் வளைவுக்குள், அடிமூலைக்குள், நான் ஈர்க்கிலால் எட்டவே முடியாத இடத்துக்கெல்லாம் போயின. கொட்டினேன். கழுவினேன். மறுபடி குலுக்கினேன். தூக்கி வெயிலில் பிடித்தபோது யானைப் படம் உட்பக்கத்திலிருந்து தெரிந்தது. மூக்கை வைத்து இழுத்தேன். எலுமிச்சை இல்லை, புளி இல்லை, பிளாஸ்டிக் வாடைகூட இல்லை. தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். தண்ணீர் மாதிரியே இருந்தது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு அத்தை மகன் மேல் பொறாமையே இல்லை. அப்படி ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் அதிகம் கிடையாது.

சாயங்காலம் அம்மா கிணற்றடிக்கு வந்தாள். கல்லிடுக்கில் வெள்ளையாகச் சில துணுக்குகள் ஒட்டியிருந்தன. நான் கடைசி முறை அலசிக் கொட்டியது.

"இது என்னலே?"

நான் பெருமையாகச் சொன்னேன். பாட்டிலைத் தூக்கி யானையையும் காட்டினேன்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சிவ சிவா! விரத வீட்டிலயா முட்டத்தோடு? கோவிந்தன்மாரு வாய் வைக்கிற பாட்டிலிலயா?" என்னை அடிக்கக்கூட மறந்துவிட்டாள். குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக் கல்லை அலசினாள்.

அப்பா வந்ததும் அம்மா தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னை விளைக்குப் பின்னால் கூட்டிப்போனார். வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"மிண்டாத. அத்தைட்டயும் சொல்லாத, அவனுட்டயும் சொல்லாத. கேட்டியா?"

"நல்லா களுவியாச்சு அப்பா. மணத்திப் பாருங்க."

"பாக்கலாம்" என்றார். அந்தப் பாக்கலாமை நான் முழுதாக நம்பினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கூட்டம் எங்கள் முற்றத்தில் கூடியது. விசிறிக்குத் துணி கட்டுவது, காவி நனைப்பது என்று ஆளுக்கொரு வேலை. அமரவிளைப் பக்கத்திலிருந்து வரும் டெய்லர் ஒருவர் உண்டு, தொப்பைக்காரர், பாதி மலையாளத்தில் பேசுவார், எல்லாவற்றுக்கும் சிரிப்பார். எல்லார் முன்னிலையிலும் அப்பா முதலில் நீலப் பாட்டிலை எடுத்தார். மூடியைக் கழற்றி வளையத்தைப் பார்த்தார், மோந்தார், தலையாட்டினார். பிறகு என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். மூடியிருந்த கண் திறந்தபோது என்னைத்தான் முதலில் பார்த்தது. அந்தப் பார்வையில், பாட்டில் சுத்தம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. பாட்டிலில் ஒரு வாடையும் இல்லை.

"இதில மணம் போவல்ல" என்றார் அப்பா. "வாய் சின்னது பாருங்க, எவ்வளவு களுவினாலும் அழுக்கு நிக்கும். அவனுக்கது மதி, அது போதும்" என்று நீலத்தைக் காட்டினார்.

"ஆனைப் படம் இல்லே சாமி, ஆனை மணம் வரும்" என்று டெய்லர் சிரித்தார். முற்றமே சிரித்தது. அத்தை மகன் மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தான். அவனும் சிரித்திருந்தால் எனக்கு அவனை அடிக்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அப்பாவின் கணக்கு இப்போது எனக்குப் புரிகிறது. முட்டைத்தோடு என்று சொன்னால் விரதத்தைக் கெடுத்த பிள்ளை என்று ஊர் காலாகாலத்துக்கும் பேசும், வேலிக்கு அந்தப் பக்கத்து டீச்சரையும் இழுக்கும். அழுக்கு என்று சொன்னால் நாளைக்கு மறந்துவிடுவார்கள். சரியான கணக்குத்தான், அவர் வயதுக்கு. என் வயதுக்குத் தப்புக் கணக்கு. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், விரதத்தைக் கெடுத்தவன் என்ற பெயரை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன். அத்தை மகனைவிட அழுக்கன் என்ற பெயர்தான் தொண்டையில் நின்றது. அடுத்த ஓணம் வரைக்கும் டெய்லர் என்னைக் கண்டால் மூக்கைப் பிடிப்பார்.

சிவராத்திரி அன்று காலையில் களியக்காவிளையில் பஸ் மாறித் தக்கலை போய்ச் சேர்ந்தோம். கூட்டம் ராத்திரி முழுக்க நடந்து வந்திருந்தது. எல்லார் காலிலும் புழுதியும் ஈரமும். அத்தை கேனிலிருந்து இரண்டு பாட்டிலையும் நிரப்பினாள். அத்தை மகன் முன்னால் போய் அப்பா பக்கத்தில் நின்றான். எனக்கு அப்பா கையால் ஒரு இடத்தைக் காட்டினார், வரிசையின் கடைசி.

"நீ பின்னால வா மக்கா. நீ உன் பாட்டிலில குடி" என்றார்.

நடந்தோம். கோவிந்தா கோபாலா என்று முன்னால் குரல் வரும், நான் பின்னாலிருந்து வாயை மட்டும் அசைப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை மகனின் முதுகும் அதற்கு அந்தப் பக்கம் ஆடும் நீலமும்தான். யாராவது கையை நீட்டினால் அவன் நின்று, இரண்டு கையாலும் பாட்டிலைச் சாய்த்து, நூல் பிடித்த மாதிரி ஊற்றுவான். அவர்கள் அண்ணாந்து குடிப்பார்கள். ஒரு சொட்டு மார்பில் விழாது. "மதி மதி" என்று டெய்லர் வயிற்றைத் தடவிக்கொள்வார். ஒவ்வொரு கோயிலிலும் ஆட்டோவோடு அத்தை நின்றாள். பழைய தண்ணீர் மேல் புதுத் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஆயிரம் பேர் முங்கிய குளத்தில் பாட்டிலை முக்கவும் கூடாது, இது அப்பாவின் உத்தரவு. அதனால் கேன் தண்ணீரிலேயே கொஞ்சம் விட்டு அலசி, காய்ந்த துவர்த்துத் துண்டால் துடைத்து, அப்புறம்தான் நிரப்ப வேண்டும். அவன் எல்லார் நடுவிலும் நின்று கையை உள்ளே விட்டுத் துடைப்பான். கோவிந்தன்மார் அதைக் கோயில் காரியம் மாதிரி பார்ப்பார்கள். நான் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று என் பாட்டிலைக் குலுக்கி அலசுவேன். என்னுடையதும் சுத்தம்தான். அதைப் பார்க்க ஆள் இல்லை.

வில்லுக்குறி தாண்டித் திருவிதாங்கோட்டுக்குப் போகும் வழி. உச்சி வெயில், தார் ரோடு கொதித்தது. கூட்ட நெரிசலில் அத்தையின் ஆட்டோ எங்கோ மாட்டிக்கொண்டது. ஒரு வளைவில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அத்தை மகன் ஒவ்வொருவருக்கும் ஊற்றினான். அப்பா எல்லாரையும் பார்த்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார், உதடு வெளுத்திருந்தது. பிறகு விசிறியை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னாலிருந்து வரிசை முழுக்கக் கடந்து, பின்னால் என்னிடம் வந்தார்.

"தா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே என் தோளிலிருந்து பாட்டிலை எடுத்தார். குழலோடு மூடியைத் திருகிக் கழற்றினார். ஊற்றிக் குடிக்க வசதியில்லாத கழுத்து அது. உதட்டை வைத்தே குடித்தார், நான் எச்சில் வைத்த பாட்டிலில், விரதக்காரர், முட்டைத்தோடு போட்ட பாட்டில் என்று தெரிந்தும். தொண்டை ஏறி இறங்கியது. பாதிக்கு மேல் குடித்தார். பாட்டில் வாயைத் துவர்த்தால் துடைத்து மூடியைப் போட்டு என் தோளில் மாட்டினார்.

"மணம் ஒண்ணும் இல்ல மக்கா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. முன்னால் போய்விட்டார்.

நான் மலர்ந்துபோயிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இரண்டு நிமிடம் மலர்ந்தேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. இதை அங்கே, முற்றத்தில், டெய்லர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது. நட்டாலத்தில் கடைசிக் குளத்தில் முங்கி எழுந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது டெய்லர் அத்தை மகனின் முதுகில் தட்டினார். இந்த வருடம் ஒருத்தனுக்கும் வயிறு கடுக்கவில்லை, எல்லாம் இந்தப் பையனின் பாட்டில் என்றார். அப்பா அவன் தலையில் கை வைத்து, "நல்லா பாத்துக்கிட்டான்" என்றார். என் தலையும் பக்கத்தில்தான் இருந்தது.

இரண்டு பாட்டிலும் எங்கே போயின என்று கேட்காதீர்கள். என் யானை ஒரு மழைக்காலத்தில் வாய்க்காலோடு போனது. அவனுடையதில் அத்தை பல வருடம் உப்பு போட்டு வைத்திருந்தாள். அகலமான வாய் எதற்கும் உதவும்.

அப்பா போன வருடம் காலமானார். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து பந்தலில் ஆள் குறைந்த நேரம். அத்தை மகன் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அவனும் நரைத்துவிட்டான். நரையும் அவனுக்கு ஒரே சீராக வந்திருக்கிறது.

"எலே, ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது" என்றான். "மாமா எனக்க பாட்டிலில இருந்து ஒரு சொட்டு வெள்ளம் குடிக்கல்ல, தெரியுமா?"

எந்தப் பாட்டில் என்று நான் கேட்கவில்லை. மாமா என்றால் அவனுக்கு என் அப்பா.

"எல்லாரும் குடிச்சாவ. மாமா மட்டும் குடிக்கல்ல. நான் யாருக்கு வேண்டி அந்த ஒரு வாரம் களுவினேன்னு நீ நெனச்ச? மாமாக்கு வேண்டியாக்கும். கடைசில ஒனக்கிட்ட வந்து ஒனக்க பாட்டில வாங்கிக் குடிச்சத நான் திரும்பிப் பாத்தேன். சொந்தப் பிள்ள சொந்தப் பிள்ளதான்னு அப்ப மனசில பட்டுது. இன்னும் போவல்ல மக்கா."

பார்த்திருக்கிறான்! எனக்கு நெஞ்சுக்குள் இளநீர் இறங்கின மாதிரி இருந்தது. யாருமே பார்க்கவில்லை என்றல்லவா இத்தனை வருடம் எரிந்துகொண்டிருந்தேன்? பார்க்க வேண்டிய ஒரே ஆள் பார்த்து, வயிறெரிந்து, இன்னும் எரிந்துகொண்டிருக்கிறான். அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்த வீட்டில் நான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் அவன் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், இரக்கப்பட்டேன்.

"அது அப்பிடி இல்லலே" என்றேன். "அப்பா எப்பமும் எல்லாவரும் குடிச்ச பெறவுதான் குடிப்பாரு. மூத்த கோவிந்தன் இல்லியா? அவருக்க முறை வந்தப்ப ஒனக்க பாட்டிலு காலி. ஆட்டோவும் வரல்ல. வேற எங்க போவாரு?"

அவன் என்னையே பார்த்தான். பிறகு முகம் மெல்லத் தெளிந்தது.

"செரியாக்கும். நான் கவுத்துக் காட்டினேன், தீந்துபோச்சு மாமான்னு. ஓர்மை வருது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரித்தான். "அப்ப எனக்கதில வெள்ளம் இருந்திருந்தா எனக்கதிலதான் குடிச்சிருப்பாரு. இல்லாததினாலதான் ஒனக்கிட்ட வந்தாரு. இல்லியாலே?"

நான் பக்கத்திலிருந்த காலி நாற்காலியை நேராக நகர்த்தி வைத்தேன்.

"அம்மாட்ட சொல்லணும்" என்று எழுந்து உள்ளே போனான். அத்தையிடம் அவன் சொல்வதும், "நான் அண்ணைக்கே சொன்னேன் இல்லியா, அண்ணனுக்கு ஒன்மேல உயிராக்கும்" என்று அத்தை சொல்வதும் பந்தல் வரைக்கும் கேட்டது. நான் என்னுடையது என்று வைத்திருந்த ஒரே மடக்குத் தண்ணீர், அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

எழுந்து போய் அவனிடம் முட்டைத்தோட்டைச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. விரதத்தில் இருந்த மனிதர், தெரிந்தே குடித்தார். காதோடு எனக்கு ஒன்று சொல்லிவிட்டும் போனார். சொன்னால் அவன் மறுபடி யோசிப்பான். தாகத்தில் நிற்கிறவர் தோட்டையா பார்ப்பார் என்பான், பிள்ளை மனம் நோகக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்பான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எப்போதும் அப்படித்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.